வியாழனில் உயிரினங்கள் வாழும் வாய்ப்பு

வியாழனில் உயிரினங்கள் வாழும் வாய்ப்பு என்பது, சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய கோளான வியாழனின் வளிமண்டலத்தில் உயிரினங்கள் தோன்றவோ நிலைத்து வாழவோ இயலுமா என்பது பற்றிய அறிவியல் வினாவாகும். வியாழனில் உயிர் இருப்பதற்கான சான்று எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. ஆயினும் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வானியலாளரும் வேதியியலாளரும் உயிரியலாளரும் இவ்வினாவை ஆராய்ந்து வந்துள்ளனர்.

வியாழன் சூரியனிலிருந்து வெகு தொலைவில் உள்ள குளிர்ந்த கோள் என்பதால், குளிரே அங்கு உயிருக்குத் தடை என்று பலரும் எண்ணுவதுண்டு. இது முழுமையான விளக்கம் அன்று. வியாழனின் மேல் முகில்கள் கடுங்குளிரில் இருந்தாலும், கீழே செல்லச் செல்ல வெப்பநிலை உயர்கிறது. இடையில் உள்ள ஓர் அடுக்கில் புவியின் கடலோர நகரங்களில் காணப்படுவது போன்ற மிதமான வெப்பநிலை நிலவுகிறது. அந்த அடுக்கில் தங்கி நிற்பதற்குத் தரை இல்லை என்பதே உயிரினங்களுக்குப் பெரிய தடையாகும்.

இத்தலைப்பில் மூன்று வெவ்வேறு வினாக்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுவது வழக்கம். அவற்றைப் பிரித்து நோக்குதல் தெளிவைத் தரும்.

1. புவியில் உள்ள ஓர் உயிரினம் வியாழனின் வளிமண்டலத்தில் விடப்பட்டால் சிறிது காலமேனும் உயிரோடு இருக்குமா?
2. அது அங்கு வளர்ந்து, பெருகி, தலைமுறை தலைமுறையாக நிலைத்து வாழுமா?
3. வெளியிலிருந்து எதுவும் செல்லாமல், அங்கேயே உயிர் தோன்றியிருக்க முடியுமா?

கோளின் இயல்பு

வியாழன் சூரியனிலிருந்து சராசரியாக 77.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் போல ஏறத்தாழ 5.2 மடங்கு ஆகும். இதனால் புவிக்குக் கிடைக்கும் சூரிய ஒளியில் 27 இல் ஒரு பங்கு மட்டுமே, ஒரே அளவான பரப்பில், வியாழனுக்குக் கிடைக்கிறது. கோளின் திணிவு புவியின் திணிவைப் போல 318 மடங்கு. அது தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவர 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலமே எடுத்துக்கொள்கிறது.

வியாழனின் வளிமண்டலத்தில் உள்ள மூலக்கூறுகளில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஐதரசன், 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஈலியம். எஞ்சிய சிறு பகுதியில் மெத்தேன், அமோனியா, நீராவி, ஐதரசன் சல்பைடு, பாஸ்பீன் முதலியவை அடங்கும். தனி ஆக்சிசன் வளிமம் இல்லை.

வியாழனுக்குத் திண்மையான தரை கிடையாது. கீழே செல்லும்போது அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, ஐதரசன் வளிமம் எந்தத் தெளிவான எல்லையும் இன்றிப் படிப்படியாக நீர்மம் போன்ற நிலையை அடைகிறது. இன்னும் ஆழத்தில் அது மின்சாரத்தைக் கடத்தும் உலோக ஐதரசனாக மாறுகிறது. எனவே வியாழனில் உயிர் வாழ்வது என்றால், அது மிதந்தே வாழ்வதாக இருக்க வேண்டும்.

குளிரும் வெப்பமும்

வளிமக் கோள்களில் தரை இல்லாததால், உயரத்தையும் ஆழத்தையும் அழுத்தத்தைக் கொண்டு குறிப்பது வழக்கம். புவியின் கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார் ஆகும். வியாழனில் 1 பார் அழுத்தமுள்ள இடத்தில் வெப்பநிலை ஏறத்தாழ -108 °செ. அதற்குக் கீழே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 2 °செ வீதம் வெப்பநிலை கூடிச் செல்கிறது.

இந்த வெப்பத்தின் பெரும்பகுதி சூரியனிலிருந்து வருவதன்று. கோள் உருவானபோது சுருங்கிச் சேர்ந்த வெப்பம் இன்றும் உள்ளிருந்து மெல்ல வெளியேறி வருகிறது. வியாழன் தான் சூரியனிலிருந்து உள்வாங்கும் ஆற்றலை விட அதிக ஆற்றலை விண்வெளிக்கு வெளியிடுகிறது என்பது அளவீடுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளது.

வெப்பநிலைக்கு ஏற்ப முகில்களும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன.

- மேல் அடுக்கு: ஏறத்தாழ 0.7 பார் அழுத்தத்தில் அமோனியாப் பனிக்கட்டி முகில்கள். தொலைநோக்கியில் வெண்ணிறப் பட்டைகளாகத் தெரிபவை பெரும்பாலும் இவையே.
- நடு அடுக்கு: ஏறத்தாழ 2 பார் அழுத்தத்தில் அமோனியாவும் ஐதரசன் சல்பைடும் சேர்ந்து உருவாகும் அமோனியம் ஐதரோசல்பைடு முகில்கள்.
- கீழ் அடுக்கு: ஏறத்தாழ 5 பார் அழுத்தத்தில் நீர் முகில்கள். இங்கு வெப்பநிலை 0 °செ அளவில் உள்ளது.

5 பார் முதல் 10 பார் வரையுள்ள பகுதியில் வெப்பநிலை 0 °செ இலிருந்து ஏறத்தாழ 65 °செ வரை உயர்கிறது. புவியில் பெரும்பாலான உயிரினங்கள் வாழும் வெப்பநிலை இவ்வெல்லைக்குள் அடங்கும். இப்பகுதியின் தடிப்பு சில பத்துக் கிலோமீட்டர்கள். 5 பார் அழுத்தம் என்பது கடலில் 40 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர் உணரும் அழுத்தமே ஆகும். ஆகவே வெப்பநிலை, அழுத்தம் ஆகிய இரண்டை மட்டும் பார்த்தால், வியாழனில் உயிர் வாழத்தக்க பகுதி ஒன்று உண்டு. அதன் பரப்பு புவியின் முழுப் பரப்பைப் போல நூறு மடங்குக்கும் மேலானது.

கருதுகோளின் வரலாறு

1953 ஆம் ஆண்டில் ஸ்டான்லி மில்லர், அரால்டு யூரீ ஆகியோரின் ஆய்வு வெளியானது. மெத்தேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றின் கலவையில் மின்பொறியைச் செலுத்தியபோது, புரதங்களின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்கள் உருவாயின. தொடக்ககாலப் புவியை மனத்திற் கொண்டு இவ்வாய்வு செய்யப்பட்டது. ஆனால் அதில் பயன்படுத்தப்பட்ட அதே வளிமங்கள் வியாழனில் இன்றும் உள்ளன. மின்னலும் புறஊதாக் கதிர்களும் அங்கு உள்ளன. எனவே உயிரின் மூலப்பொருள்கள் வியாழனில் தொடர்ந்து உருவாகிக் கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1960 களில் இவ்வெண்ணத்தை வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர்.

1976 ஆம் ஆண்டில் சேகனும், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய இயற்பியலாளர் எட்வின் சால்பீட்டரும் இணைந்து, வியாழனின் வளிமண்டலத்தில் அமையக்கூடிய சூழல் மண்டலம் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். இன்றளவும் இத்துறையில் பேசப்படும் கட்டுரை அது. புவியின் கடலை அவர்கள் ஒப்புமையாகக் கொண்டனர். கடலின் மேற்பரப்பில் நுண்ணிய மிதவை உயிர்கள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அவை மெல்ல மூழ்குமுன் இனப்பெருக்கம் செய்துவிடுகின்றன. அவ்வாறே வியாழனிலும் நான்கு வகை உயிரினங்கள் இருக்கக்கூடும் என்று அவர்கள் கணித்தனர்.

- மூழ்கிகள்: மிகச் சிறியவை. மெல்லக் கீழே விழுந்துகொண்டே ஒளியிலிருந்து ஆற்றல் பெறுபவை. வெப்பத்தில் கருகுமுன் பெருகி, தம் வழித்தோன்றல்களை மேல்நோக்கிய காற்றோட்டத்தில் விட்டுச் செல்பவை.
- மிதவைகள்: உள்ளிருக்கும் வளிமத்தைக் கட்டுப்படுத்தி, பெரும் பலூன்களைப் போல ஒரே மட்டத்தில் நிற்பவை. இவை கிலோமீட்டர் அளவுக்கும் பெரிதாக வளரக்கூடும் என்று கருதப்பட்டது.
- வேட்டையாடிகள்: பிற உயிரினங்களைத் தேடிச் சென்று உண்பவை.
- துப்புரவாளர்கள்: உயிர்ப்பொருள் வெப்பத்தால் சிதையத் தொடங்கும் ஆழத்துக்கு அருகே, மேலிருந்து விழும் எச்சங்களைக் கொண்டு வாழ்பவை.

இத்தகைய உயிரினங்கள் இருக்கின்றன என்று சேகனும் சால்பீட்டரும் கூறவில்லை. இயற்பியல், வேதியியல் விதிகள் இவற்றைத் தடை செய்யவில்லை என்பதே அவர்களது வாதம். 1980 இல் ஒளிபரப்பான சேகனின் காஸ்மஸ் தொலைக்காட்சித் தொடர் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. இதற்கு முன்னரே, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், வியாழனின் முகில்களில் மிதக்கும் பேருயிர்களை 1971 இல் வெளியான தம் குறும்புதினம் ஒன்றில் காட்டியிருந்தார்.

விண்கலங்களின் அளவீடுகள்

1979 இல் வியாழனைக் கடந்து சென்ற வொயேஜர் 1 விண்கலம் அங்கு மின்னல் இருப்பதை உறுதி செய்தது. வியாழனின் வளிமண்டலத்துக்குள் நேரடியாக இறங்கி அளவீடு செய்த ஒரே கருவி, கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்து சென்ற ஆய்வுகலமே ஆகும். 1995 திசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் அது வளிமண்டலத்துள் நுழைந்தது. வான்குடையில் தொங்கியவாறு ஒரு மணி நேரம் அளவுக்குத் தகவல்களை அனுப்பியது. ஏறத்தாழ 22 பார் அழுத்தமும் 150 °செ வெப்பமும் உள்ள ஆழத்தில் அதன் ஒலிபரப்பு நின்றது.

அந்த ஆய்வுகலம் எதிர்பார்த்த அளவு நீரைக் காணவில்லை. அடர்ந்த நீர் முகில்களையும் அது காணவில்லை. காற்று வறண்டிருந்தது. அது இறங்கிய இடம், மேலிருந்து வறண்ட காற்று கீழிறங்கும் ஒரு தனிப்பட்ட பகுதி என்பது பின்னர் தெரியவந்தது. புவியில் ஒரு பாலைவனத்தில் மட்டும் இறங்கி, புவி முழுவதும் வறண்டது என்று முடிவு செய்வதைப் போன்ற நிலை இது.

2016 சூலையில் வியாழனைச் சுற்றத் தொடங்கிய ஜூனோ விண்கலத்தின் நுண்ணலை அளவீடுகள் இக்குறையை ஓரளவு நீக்கின. 2020 இல் வெளியான முடிவுகளின்படி, நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் உள்ள மூலக்கூறுகளில் ஏறத்தாழ 0.25 விழுக்காடு நீராகும். அதே ஆண்டு ஜூனோ குழுவினர் மற்றொரு செய்தியையும் வெளியிட்டனர். வலிமையான புயல்கள் நீர்ப் பனிக்கட்டித் துகள்களை மிக உயரத்துக்குத் தூக்கிச் செல்கின்றன. அங்கு அமோனியா வளிமம் அப்பனிக்கட்டியை உருக்கி, ஏறத்தாழ -90 °செ குளிரிலும் உறையாத நீர்-அமோனியாக் கரைசலாக மாற்றுகிறது. இக்கரைசல் பனிக்கட்டி உறை போர்த்திய ஆலங்கட்டிகளாக மீண்டும் ஆழத்தில் விழுகிறது என்று விளக்கப்பட்டது. நீர்மம் இருக்கக்கூடிய எல்லை முன்பு எண்ணியதை விட அகலமானது என்பதை இது காட்டுகிறது. எனினும் இத்தகைய குளிரில் செயற்படும் உயிரினம் எதுவும் புவியில் அறியப்படவில்லை.

உயிர் வாழத் தேவையானவை

நீர்

நீர் இருப்பது மட்டும் போதாது; உயிரணு பயன்படுத்தத்தக்க நிலையில் அது இருக்க வேண்டும். இதனை அளக்க நீர்ச் செயற்பாடு என்னும் அளவு பயன்படுகிறது. தூய நீருக்கு இதன் மதிப்பு 1. புவியில் அறியப்பட்ட உயிரினங்களின் கீழெல்லை 0.585. 2021 இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளிக் கோளின் கந்தக அமில முகில்களில் இம்மதிப்பு 0.004 க்கு மேற்படாது என்று கணித்தது. அதே ஆய்வு, வியாழனின் முகில்களில் இம்மதிப்பு 0.585 ஐ விட அதிகமாக இருப்பதாகவும் கணித்தது. நீரைப் பொறுத்தவரை வெள்ளியின் முகில்களை விட வியாழனின் முகில்கள் உயிருக்கு ஏற்றவை என்பது இதன் பொருள். முகில்களின் வேதிச் சேர்க்கை போன்ற பிற காரணிகள் தடையாக அமையலாம் என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

ஆற்றல்

புவியில் உயிரினங்கள் உணவை ஆக்சிசனுடன் சேர்த்து ஆற்றல் பெறுகின்றன. ஆக்சிசன் எங்கும் உள்ளது. உணவைத்தான் தேட வேண்டும். வியாழனில் எங்கும் இருப்பது ஐதரசன். எனவே அங்கு ஐதரசனுடன் வினைபுரியக்கூடிய பொருளே உணவாகும். புவியில் மெத்தேன் ஆக்கும் நுண்ணுயிரிகள் ஐதரசனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மெத்தேனாக மாற்றி ஆற்றல் பெறுகின்றன. வியாழனில் கார்பனின் பெரும்பகுதி முன்னரே மெத்தேனாக உள்ளது. எரிந்து முடிந்த சாம்பலை மீண்டும் எரிக்க முடியாதது போல, மெத்தேனிலிருந்து இவ்வழியில் ஆற்றல் பெற இயலாது.

ஆனால் ஒரு வழி உண்டு. வளிமண்டலத்தின் உயர்ந்த பகுதியில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் மெத்தேனைச் சிதைப்பதால் அசிட்டிலீன், ஈத்தேன் முதலியவை உருவாகின்றன. இவை கீழே வரும்போது ஐதரசனுடன் சேர்ந்து மீண்டும் மெத்தேனாகி ஆற்றலை வெளியிடக்கூடும். சனியின் துணைக்கோளான டைட்டனில் இவ்வகை வளர்சிதைமாற்றம் இயலும் என்று 2005 இல் முன்மொழியப்பட்டது. மேலும், மங்கிய ஒளியே கிடைத்தாலும், மெத்தேனைப் பிளந்து ஐதரசனை வெளிவிடும் ஒருவகை ஒளிச்சேர்க்கையும் கோட்பாட்டளவில் இயலும்.

தனிமங்கள்

கார்பன், ஐதரசன், நைதரசன், ஆக்சிசன், பாசுபரசு, கந்தகம் ஆகிய ஆறும் உயிருக்கு அடிப்படையானவை. இவை ஆறும் வியாழனில் முறையே மெத்தேன், ஐதரசன், அமோனியா, நீர், பாஸ்பீன், ஐதரசன் சல்பைடு ஆகிய வடிவங்களில் உள்ளன. ஆனால் நொதிகளுக்குத் தேவையான இரும்பு, மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் வளிம நிலையில் முகில்களுக்கு வருவதில்லை. அவை ஆழத்தில் கடும் வெப்பமுள்ள பகுதிகளிலேயே குளிர்ந்து படிந்துவிடுகின்றன. விண்கற்களும் வால்வெள்ளிகளும் மட்டுமே அவற்றை மேலிருந்து கொண்டுவர முடியும். 1994 சூலையில் சூமேக்கர்-லெவி 9 வால்வெள்ளியின் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் வியாழனில் மோதியது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இவ்வகையில் கிடைக்கும் உலோகங்களின் அளவு மிகச் சொற்பம். அதுவும் விரைவில் ஆழத்துக்குச் சென்றுவிடும்.

அழுத்தம், ஈர்ப்பு, கதிர்வீச்சு

இம்மூன்றும் பெரிய தடைகள் அல்ல. புவியின் மரியானா அகழியில் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் உயிரினங்கள் வாழ்கின்றன. வியாழனின் ஈர்ப்பு புவியைப் போல ஏறத்தாழ 2.5 மடங்கு. 2011 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுழற்பொறியில் புவியீர்ப்பைப் போல நான்கு இலட்சம் மடங்கு விசையின் கீழும் சில பாக்டீரியாக்கள் பெருகுவதைக் கண்டனர். வியாழனைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சுப் பட்டைகள் விண்கலங்களின் மின்னணுக் கருவிகளையே பழுதாக்கும் அளவு வலிமையானவை. எனினும் நீர் முகில்களின் ஆழத்தில் உள்ளவற்றுக்கு மேலுள்ள தடித்த வளிமண்டலமே கவசமாக அமையும்.

முதன்மையான தடை: தரை இல்லாமை

வியாழனின் வளிமண்டலம் கொதிக்கும் பானையைப் போன்றது. கீழே சூடான காற்று மேலெழுகிறது. மேலே குளிர்ந்த காற்று கீழிறங்குகிறது. மிதமான வெப்பநிலையுள்ள அடுக்கு என்பது இந்தக் காற்று கடந்து செல்லும் ஒரு வழியே அன்றி, எதுவும் தங்கும் இடம் அன்று. அதில் மிதக்கும் ஒரு நுண்ணுயிரி மேலே இழுக்கப்பட்டால் -100 °செ குளிரில் உறையும். கீழே இழுக்கப்பட்டால் முதலில் 150 °செ, பின்னர் பல நூறு பாகை வெப்பத்தைச் சந்தித்துச் சிதையும். புவியில் இதுவரை அறியப்பட்ட உயிரினங்களில் மிக உயர்ந்த வெப்பநிலையில் பெருகுவது, ஆழ்கடல் வெப்ப ஊற்றுகளில் வாழும் ஒரு நுண்ணுயிரி ஆகும். அதன் எல்லையே 122 °செ தான்.

உறைதலும் கருகுதலும் சமமானவை அல்ல என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. பல நுண்ணுயிரிகள் உறைந்த நிலையில் நெடுங்காலம் செயலற்று இருந்து, வெப்பம் திரும்பியதும் மீண்டும் இயங்கத் தொடங்கும். வெப்பத்தில் சிதைந்த உயிரணு மீள்வதில்லை. ஆகவே வியாழனில் குளிர் உயிரை நிறுத்தி வைக்கும். வெப்பமே அதை அழிக்கும். குளிர்ந்த கோள் என்று அழைக்கப்படும் ஒன்றில் இறுதி ஆபத்து வெப்பத்திலிருந்து வருகிறது.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, கீழே இழுக்கப்படும் வேகத்தை விட விரைவாகப் பெருகுவது. இதுவே சேகனும் சால்பீட்டரும் கூறிய மூழ்கிகளின் வழி. மற்றொன்று, ஒரே மட்டத்தில் மிதந்து நிற்பது. புவியில் ஐதரசன் பலூன் எளிதாக மேலெழுவதற்குக் காரணம், காற்று ஐதரசனை விட ஏறத்தாழ 14 மடங்கு கனமானது என்பதாகும். வியாழனிலோ காற்றே பெரும்பாலும் ஐதரசன். அதை விட இலேசான வளிமம் இல்லை. ஈலியத்தை வெளியேற்றித் தூய ஐதரசனை மட்டும் வைத்துக்கொண்டால், நீர் முகில்களின் மட்டத்தில் ஒரு கனமீட்டர் கொள்ளளவு 70 கிராமுக்கும் குறைவான எடையையே தாங்கும். புவியின் கடல் மட்டத்தில் அதே கொள்ளளவு 1 கிலோகிராமுக்கும் மேல் தாங்கும். உள்ளிருக்கும் வளிமத்தைச் சூடாக்கினால் இன்னும் சிறிது கூடுதலாகத் தாங்கலாம். அதற்கு இடைவிடாது ஆற்றல் செலவிட வேண்டும். மிதவை உயிரினங்கள் மிகப் பெரியனவாகவும் மிக மெல்லிய தோலுடையனவாகவும் இருக்க வேண்டும் என்ற முடிவு இதனாலேயே வந்தது.

புவியின் வளிமண்டலம் இங்கு ஒரு பாடம் தருகிறது. நம் முகில்களில் உயிருள்ள பாக்டீரியாக்கள் காணப்படுகின்றன. அவற்றுட் சில அங்கேயே வளர்சிதைமாற்றத்தில் ஈடுபடுவதும் அறியப்பட்டுள்ளது. ஆனால் தன் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் காற்றிலேயே கழிக்கும் உயிரினம் எதுவும் அறியப்படவில்லை. காற்றில் உள்ளவை அனைத்தும் நிலத்திலிருந்தோ கடலிலிருந்தோ எழுந்து, மீண்டும் அங்கேயே விழுகின்றன. நீரும் ஒளியும் உணவும் உள்ள புவியின் வானமே நிலையான குடியிருப்பாக மாறவில்லை என்பது வியாழனைப் பற்றிச் சிந்திப்பவர்கள் மறக்கக்கூடாத செய்தியாகும்.

புவியின் உயிரினங்கள் அங்குத் தாங்குமா

ஐதரசன் நிறைந்த காற்று நச்சுத்தன்மையுடையது என்று கருதுவோர் உண்டு. 2020 இல் சாரா சீகர் தலைமையிலான குழு, ஈ. கோலை பாக்டீரியாவையும் ஈஸ்ட் பூஞ்சையையும் நூறு விழுக்காடு ஐதரசன் நிரப்பிய குடுவைகளில் வளர்த்தது. இரண்டும் சாதாரணக் காற்றில் இருப்பதை விட மெதுவாகவேனும் வளர்ந்து பெருகின. ஐதரசன் உயிருக்குப் பகை அன்று என்பதை இது காட்டியது. ஆனால் அக்குடுவைகளில் ஊட்டப்பொருள் நிறைந்த வளர்ப்பு ஊடகம் இருந்தது. வியாழனில் அத்தகைய ஊடகம் இல்லை.

எனவே முதல் வினாவுக்கு, நீர் முகில்களின் மட்டத்தில் விடப்பட்ட சில நுண்ணுயிரிகள் சிறிது காலம் உயிரோடு இருக்கக்கூடும் என்று விடை கூறலாம். மனிதர்களும் விலங்குகளும் ஆக்சிசன் இன்மையால் சில நிமிடங்களிலேயே இறப்பர். இரண்டாவது வினாவுக்கு, நிலைத்து வாழ்வது மிகவும் அரிது என்பதே விடை. முற்றிலும் இயலாது என்று நிறுவப்படவில்லை.

உயிரின் தோற்றம்

மூன்றாவது வினாவே மிகவும் கடினமானது. உயிரின் தோற்றத்தை விளக்கும் கோட்பாடுகள் பல. பெரும்பாலானவை ஏதேனும் ஓர் ஒதுக்கிடத்தை வேண்டுகின்றன. வற்றி நிறையும் குட்டைகள், களிமண் பரப்புகள், கடலடி வெப்ப ஊற்றுகளின் நுண்துளைகள் முதலியன அவ்வாறு கூறப்படுபவை. எளிய மூலக்கூறுகள் ஓரிடத்தில் செறிந்து, நீண்ட காலம் சேர்ந்திருந்து, சிக்கலான மூலக்கூறுகளாக மாற இவை உதவுகின்றன.

வியாழனில் மில்லர்-யூரீ வகை வினைகள் நடைபெறலாம். ஆனால் உருவாகும் மூலக்கூறுகள் பரந்த வளிமண்டலத்தில் சிதறிவிடும். பின்னர் ஆழத்துக்குச் சென்று வெப்பத்தால் மீண்டும் மெத்தேனாகவும் அமோனியாவாகவும் நீராகவும் உடையும். எழுதிய பலகை மீண்டும் மீண்டும் அழிக்கப்படுவதைப் போன்றது இது. இதனால் வியாழனில் உயிர் தானாகத் தோன்றியிருக்கும் என்பதைப் பெரும்பாலான அறிவியலாளர்கள் ஏற்பதில்லை.

உயிர்க்குறிகளைக் கண்டறிவதில் உள்ள சிக்கல்

தொலைவிலிருந்து உயிரைக் கண்டறிய, வேதிச் சமநிலைக்குப் புறம்பான வளிமங்களைத் தேடுவது வழக்கம். இம்முறையில் எச்சரிக்கை தேவை என்பதற்கு வியாழனே சான்று. அங்கு 1970 களில் பாஸ்பீன் கண்டறியப்பட்டது. மேல் முகில்களின் குளிர்ந்த சூழலில் இவ்வளிமம் நிலைத்திருக்கக் கூடாது. ஆயினும் அது அங்கு இருப்பதற்கு உயிர் காரணம் அன்று. ஆழத்தின் கடும் வெப்பத்தில் உருவாகும் பாஸ்பீனை, அது அழியுமுன் காற்றோட்டம் மேலே கொண்டுவந்துவிடுகிறது. 2020 இல் வெள்ளிக் கோளில் பாஸ்பீன் இருப்பதாக வெளியான அறிவிப்பு பெரும் விவாதத்தை எழுப்பியது. அதே வளிமம் வியாழனில் இருப்பது எவரையும் வியப்பில் ஆழ்த்தாததற்குக் காரணம் இதுவே. வியாழனின் செந்நிற, பழுப்பு நிற முகில்களும் ஒரு காலத்தில் உயிரோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டன. ஒளியால் தூண்டப்படும் வேதிவினைகளே அந்நிறங்களுக்குக் காரணம் என்று இன்று கருதப்படுகிறது.

பிற வளிமக் கோள்கள்

சனியில் 1 பார் மட்டத்தில் வெப்பநிலை ஏறத்தாழ -139 °செ. யுரேனசில் -197 °செ. நெப்டியூனில் -201 °செ. குளிர் மிகுதியாக இருப்பதால், இக்கோள்களில் நீர் முகில்கள் வியாழனில் இருப்பதை விட அதிக ஆழத்திலும் அழுத்தத்திலும் உள்ளன. அங்கு எட்டும் சூரிய ஒளி மிகக் குறைவு. நெப்டியூனுக்குக் கிடைக்கும் ஒளி புவிக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ 900 இல் ஒரு பங்கே. ஆகவே வியாழனில் உள்ள தடைகள் அனைத்தும் இக்கோள்களில் மேலும் கடுமையாகின்றன.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே, கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குறுமீன்கள் உள்ளன. இவற்றுட் குளிர்ந்தவை சிலவற்றின் மேல் வளிமண்டலத்தில் புவியை ஒத்த வெப்பநிலை நிலவக்கூடும். அங்கு நுண்ணுயிரிகள் காற்றோட்டத்தால் தாங்கப்பட்டு நிலைத்திருக்க இயலுமா என்று 2017 இல் வெளியான ஓர் ஆய்வு சேகன்-சால்பீட்டர் வாதத்தைப் புதுப்பித்துக் கணக்கிட்டது. போதிய அளவு சிறிய, இலேசான உயிரினங்கள் நிலைக்கக்கூடும் என்பது அதன் முடிவு.

துணைக்கோள்களும் கோட் பாதுகாப்பும்

இவ்வினா வெறும் கற்பனைப் பொழுதுபோக்கு அன்று. இதன் விடையை நம்பி ஒரு முடிவு எடுக்கப்பட்டுள்ளது. கலிலியோ விண்கலம் 1989 இல் ஏவப்பட்டபோது முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யப்படவில்லை. அது 1995 முதல் வியாழனைச் சுற்றி வந்து, யுரோப்பா என்னும் துணைக்கோளின் பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கான வலுவான சான்றுகளைக் கண்டது. எரிபொருள் தீரும் நிலையில், கட்டுப்பாடிழந்த அக்கலம் எதிர்காலத்தில் யுரோப்பாவில் மோதினால், புவியின் நுண்ணுயிரிகள் அக்கடலை மாசுபடுத்தக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. எனவே 2003 செப்டம்பர் 21 அன்று நாசா அக்கலத்தை வியாழனுக்குள்ளேயே செலுத்தி எரித்தழித்தது. அதே காரணத்துக்காக, என்செலடசு, டைட்டன் ஆகிய துணைக்கோள்களைக் காக்கும் பொருட்டு, காசினி விண்கலம் 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் செலுத்தப்பட்டது.

பன்னாட்டுக் கோட் பாதுகாப்பு விதிகளில் கோள்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. வியாழன் முதலிய பெருங்கோள்கள், உயிரின் வேதிப் பரிணாமத்தை அறிய முக்கியமானவை என்றும், மாசுபடுதலால் அவ்வாய்வுக்குக் கேடு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றும் கருதப்படும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. யுரோப்பாவுக்கும் என்செலடசுக்கும் கடுமையான விதிகள் உண்டு. வியாழனின் ஆழ்ந்த வெப்பமே எந்த நுண்ணுயிரியும் எஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் என்ற அறிவு இவ்வேறுபாட்டின் அடிப்படையாகும்.

வியாழனைச் சூழ்ந்த உயிர்த் தேடல் இப்போது துணைக்கோள்களை நோக்கியே செல்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்பிரல் 14 அன்றும், நாசாவின் யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபர் 14 அன்றும் ஏவப்பட்டன. கிளிப்பர் 2030 இலும் ஜூஸ் 2031 இலும் வியாழனை அடையும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளன. இத்துணைக்கோள்கள் வியாழனின் முகில்களை விடக் குளிர்ந்த மேற்பரப்பைக் கொண்டவை. யுரோப்பாவின் நடுக்கோட்டுப் பகுதியிலும் வெப்பநிலை -160 °செ அளவில் உள்ளது. எனினும் அவற்றின் அடியில் நீர்மக் கடலும், யுரோப்பாவைப் பொறுத்தவரை அக்கடலுக்குப் பாறைத் தரையும் உள்ளதாகக் கருதப்படுகிறது. அங்கு உள்ள ஒன்று அவ்விடத்திலேயே நீண்ட காலம் தங்கியிருக்க முடியும்.

முடிவு

வியாழனில் நீர் உண்டு. மிதமான வெப்பநிலை உண்டு. உயிரின் அடிப்படைத் தனிமங்களும் ஓரளவு ஆற்றலும் உண்டு. இவை ஒவ்வொன்றும் இருந்தும், அனைத்தும் ஓரிடத்தில் நீண்ட காலம் சேர்ந்திருப்பதற்கான நிலைத்தன்மை இல்லை. ஆகவே அங்கு உயிர் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே இன்றைய பொதுக் கருத்தாகும். கலிலியோ ஆய்வுகலம் ஒரே ஓர் இடத்தில் ஒரு மணி நேரமே அளவீடு செய்தது. நீர் முகில்களினூடே வேறெந்தக் கருவியும் இதுவரை இறங்கவில்லை. எனவே இக்கருத்து நேரடித் தேடலின் முடிவு அன்று. அறியப்பட்ட இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவேயாகும்.